மாடித் தரையில் வேணு விரித்த பெல்ட்

வேணுவுக்கு யாரையெல்லாம் பிடிக்காது என்று கேட்டால் பொழுது போய்விடும். யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் பதில் சீக்கிரம் வரும். "கண்ணாடியில தெரியிற ஆளத் தவிர வேற ஒருத்தரையும் அவருக்குப் புடிக்காது" என்பாள் மனைவி செங்கமலம். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் வேணு. முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையில் சொந்த வீடு. காலையில் டவுன்ஷிப் பக்கம் நடந்துவிட்டு வருவார். உடம்புக்காக நடக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அன்றைக்கு யாருக்கு என்ன தெரியவில்லை என்று பார்த்து வரத்தான் அவர் போவது. டீக்கடைக்காரனுக்கு டீ ஆற்றத் தெரியாது, குவார்ட்டர்ஸ் வேலி வெட்டுகிறவனுக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாது, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குத் திரும்பத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் செங்கமலத்திடம் ஒப்பிப்பார். அவள் காய் நறுக்கிக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

இதெல்லாம் சில்லறைதான். மொத்த இளக்காரத்தையும் அவர் ஒரே சொல்லுக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அந்தச் சொல் காண்ட்ராக்ட். "அவன் காண்ட்ராக்ட்டு" என்று சொல்லும்போது, சோற்றில் அகப்பட்ட முடியைத் துப்புகிறவர் போல முகம் போகும். அவர் பர்மனென்ட். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் தன்னை அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். அந்த வேலை அவருக்கு எப்படி வந்தது என்பது ஊரறிந்த சங்கதி. அப்பா சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தார், வீட்டில் ஒருவருக்கு வேலை வந்தது, படிப்பு ஏறிய அண்ணன் வேறு வேலைக்குப் போய்விட்டதால் படிப்பு ஏறாத தம்பி அதில் போய் உட்கார்ந்தார். இதை யாராவது நினைவுபடுத்தினால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

அப்படிப்பட்டவரின் மகள் சத்யா, குவார்ட்டர்ஸ் சுவருக்கு வெள்ளையடிக்க வந்த லியோவைக் கட்டிக்கொண்டாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். லியோ மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பையன் என்பதைக்கூட வேணு எப்படியோ விழுங்கியிருப்பார். "பர்மனென்ட்டா இருந்தாக்கூட யோசிக்கலாம். காண்ட்ராக்ட்டுல பெயிண்டு அடிக்கிறவனாம்!" என்று அவர் கத்தியது அந்தத் தெருவுக்கே கேட்டது. அன்றைக்கு மகளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அப்புறம் திருப்பவே இல்லை. அவளை நினைக்காத நாள் கிடையாது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் தான் சின்னவனாகிவிடுவோம் என்று பயந்தார். பயத்தை ரோஷம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்வது அவருக்குப் பழகிப்போன வேலை.

மகன் அருண்குமார் பெங்களூரில் இருந்தான். வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்கச் சொன்னான். கீழே மொசைக், மேலே மரத்தரை. தேக்குப் பலகை பதித்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டு, பாண்டிச்சேரி ஆட்கள் வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுற்றிலும் அடித்த ஸ்கர்ட்டிங் பலகைக்கு மட்டும் வெள்ளை எனாமல் அடிக்க வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டான். அது பெயிண்டர் வேலை, எங்கள் வேலை இல்லை என்று பாண்டிச்சேரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பாலிஷ் போட்ட தரைக்கு ஒட்டி, ஒரு சாண் உயரத்தில், தரையில் ஒரு துளி விழாமல் அடிக்க வேண்டும்.

பெயிண்டர் கிடைக்கவில்லை. நெய்வேலியில் பெயிண்டருக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. வேணு வீட்டுக்கு வரும் பெயிண்டருக்குத்தான் பஞ்சம். முதலில் வந்தவரைப் பார்த்து, "பிரஷ்ஷ இன்னா வெளக்குமாறு மாதிரி புடிக்கிற?" என்றார். அவர் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுப் போனவர்தான். அடுத்து வந்தவர் கேட்டிலேயே அவரைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் செங்கமலம் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். காலையில் வேணு நடந்துவிட்டுத் திரும்பியபோது, வாசலில் வாளியும் ஏணியுமாக லியோ நின்றுகொண்டிருந்தான்.

வேணு மனைவியைத் தனியே இழுத்தார். "இவன எதுக்கு வர வச்ச?"

"வேற எவன் வரான் உங்க வாய்க்கு? பால் காய்ச்சற அன்னிக்கு யாரு பால் காய்ச்சுவா, சொல்லுங்க. வூட்டுல பொறந்த பொண்ணு காய்ச்சணும். ஒரே பொண்ணு. அவ ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கறதும் நான் இந்தாண்ட நிக்கறதும் போதும்."

வேணுவுக்கும் உள்ளுக்குள் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் வேண்டியதை வேண்டும் என்று வாங்கிக்கொண்டால் அவர் வேணு இல்லையே. அதற்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டும், அந்தப் பரீட்சையை அவர்தான் திருத்த வேண்டும். வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டு, அவளுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இந்தா பாருப்பா. மேல இருக்கறது தேக்கு. உங்க குவார்ட்டர்ஸ் தர இல்ல. வேல சுத்தமா முடிஞ்சா, விசேஷத்துக்கு சத்யாவும் வரலாம், நீயும் வரலாம். தரயில ஒரு கற பட்டுதுன்னு வையி, அந்தக் கறைக்குக் காரணமானவன் அப்புறம் இந்த மாடிப் படி ஏறக் கூடாது. விசேஷத்தன்னிக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"சரிங்க சார்" என்றான் லியோ. அவனுக்கு மாமனாரை சார் என்று கூப்பிடுவதில் ஒரு சுகம் இருந்தது. அதில் மரியாதை துளியும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

மாடிக்குப் போனதும் லியோ பழைய பேப்பர்க் கட்டையும் ஒட்டும் டேப்பையும் எடுத்து வைத்தான். வேணு அதைக் காலால் ஒதுக்கினார்.

"பேப்பரா? மிதிச்சா கிழியும். பெயிண்டு சிந்துனா ஊறும். இதான் உனுக்குத் தெரிஞ்ச லட்சணமா? இரு, வரேன்."

அவர் கொண்டுவந்தது பெல்ட். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைச் சுமந்து வரும் கன்வேயரின் கனத்த ரப்பர்ப் பட்டை. தேய்ந்து கழித்த பெல்ட்டை ஏலத்தில் எடுத்து விற்கும் கடைகள் அந்தப் பக்கம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் அது நுழையாத வீடு கிடையாது. மாட்டுக் கொட்டகையில் மாடு வழுக்காமல் நிற்க அதுதான். மோட்டார் கொட்டகைக்குக் கூரை அதுதான், வாசலில் கால் மிதிக்கவும் அதுதான். வேணுவுக்கோ அது சாமிக்குச் சமம். வேலைக் காலம் முழுக்க அதன் பக்கத்திலேயே நின்றவர். வீட்டுப் பின்புறம் சுருள் சுருளாக அடுக்கி வைத்திருந்தார். பெல்ட்டால் தீராத பிரச்சினை மனிதனுக்கு இன்னும் வரவில்லை என்பது அவருடைய கட்சி.

"ஒரு பொட்டு கீழ எறங்கட்டும் பாப்போம். டன்னு டன்னா கரி சொமந்த பெல்ட்டு. உன் பெயிண்டு இதுக்கு எந்த மூலைக்கு?"

லியோ பெல்ட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவனும் அதுவரை அடித்ததெல்லாம் மொசைக்கும் சிவப்புச் சிமென்ட்டும் போட்ட வீடுகள்தான். மரத்தரையின் குணம் அவனுக்கும் தெரியாது. பேப்பர் ஒட்டுவதென்றால் அறை முழுக்க முட்டி போட்டு நகர வேண்டும். அந்த வேலை மிச்சம் என்று அவனுக்குச் சந்தோஷமே. "உங்க வூடு, உங்க பெல்ட்டு. எனக்கு இன்னா சார்" என்று டேப்பைப் பையில் போட்டுக்கொண்டான்.

வேணுவே பெல்ட்டை விரித்தார். சுவரை ஒட்டி நாலு பக்கமும் நீளநீளமாகப் போட்டார். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தூண் அறைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. அங்கே பெல்ட் சரியாக உட்கார, சாணை பிடித்த கத்தியால் தூண் அளவுக்கு ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தார். கோணலாகத்தான், தூணைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினார். ஆனால் பின்னால் நகர்ந்து நின்று, "இத எந்தக் காண்ட்ராக்ட்டுக்காரன் செய்வான்?" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். மெச்சுவதற்கு அங்கே வேறு ஆள் தயாராக இல்லை.

வேலை நடந்தது. லியோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், பிரைமர் அடித்தான். பிரஷ் பிடிப்பதில் குறை சொல்ல முடியவில்லை, அது வேணுவுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. லியோ சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து டார்ச்சுடன் மாடிக்குப் போவார். பட்டப்பகலில் டார்ச் அடித்து, பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் தெரியும் பலகையில் ஒரு வெள்ளைப் பொட்டு கிடைக்காதா என்று குனிந்து குனிந்து தேடுவார். ஒன்றும் அகப்படாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார். "ஆப்டுச்சா?" என்று செங்கமலம் கேட்பாள். அவள் கேட்கிற விதத்திலேயே அவருக்கு எரிச்சல் வரும்.

மதியம் சத்யா ஸ்கூட்டியில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். ஹாரன் அடிப்பாள். லியோ இறங்கிப் போய்ச் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொள்வான். செங்கமலம் ஏதாவது ஒரு கிண்ணத்தோடு கேட் வரைக்கும் போவாள். வேணு மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். பெண் இளைத்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவாள். "ஹெல்மெட்டு வாரே போடத் தெரியல அவளுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டி மறையும் வரை பார்ப்பார். கீழே இறங்கி நாலு எட்டு வைத்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். தரையில் கறை விழாமல் காத்துப் பெல்ட்டே பெண்ணைக் கூட்டிவந்துவிடும் என்று நம்பி அவர் மாடியிலேயே நின்றார்.

முதல் கோட்டிங் அடித்ததும் லியோவின் பங்குக் கோயிலில் மாதா திருவிழா வந்தது. கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் வேலைக்கு வரமாட்டேன் என்று முன்னமே சொல்லியிருந்தான். போகும்போது, "பெல்ட்ட எடுத்து ஓரமா வச்சிட்டுப் போவட்டுங்களா? பெருக்கணும்னா பெருக்கலாம்" என்று கேட்டான்.

"கெடக்கட்டும். அது இன்னா சோறா கேக்குது?" என்றார் வேணு. "திரும்பப் போடத் தெரியாமப் போட்டு, எனக்கு வேல வைப்ப."

அக்னி வெயில் கொளுத்திய காலம். தூசு வரும் என்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் வேணுவே அடைத்துப் பூட்டினார். அந்த அடைசலில், மேலே மொட்டை மாடி காய, கனத்த ரப்பர் புது பாலிஷ் மேல் அப்பிக்கொண்டு கிடந்தது. திருவிழா முடிந்து லியோ வந்தான், கடைசிக் கோட்டிங்கையும் அடித்தான். ஸ்கர்ட்டிங் வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. காய்ந்ததும் மறுநாள் காலையில் பெல்ட்டை எடுத்துவிடலாம் என்றான். அதற்கு அடுத்த நாள் பால் காய்ச்ச வேண்டும்.

காலையில் வேணு அவனுக்காகக் காத்திருக்கவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்தும் உரிமை தன்னுடையது என்று விடிந்ததும் தனியாக மேலே போனார். பால்கனிப் பக்கத்துப் பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். பிய்த்துக்கொண்டு வருகிற சத்தத்தோடு அது கிளம்பியது. கீழே, தேக்கின் மேல், கறுப்பு. தண்ணீரில் கரைத்த கரி போல ஒரு பட்டை சுவரோடு சுவராக ஓடிற்று. பாலிஷ் மங்கி, கை வைத்தால் பிசுக்கென்று ஒட்டியது. இன்னொரு பெல்ட்டைத் தூக்கினார். அங்கேயும் அதுதான்.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை நம்புவது கஷ்டம், ஆனால் அதுதான் நடந்தது. மாட்டினான் என்று நினைத்தார். பெயிண்ட் கரைக்கிற தின்னரைக் கொட்டியிருக்கிறான், அது பெல்ட்டுக்கு அடியில் ஓடித் தரையைத் தின்றிருக்கிறது. காண்ட்ராக்ட் புத்தி! தரை போயிற்றே என்ற கவலையே அப்புறம்தான் வந்தது. படியிலிருந்தே கூவினார். "செங்கமலம்! மேல வா! தனபாக்கியத்தையும் கூப்புடு! வந்து பாரு உன் மாப்ள செஞ்ச லட்சணத்த!"

செங்கமலம் வந்தாள், தனபாக்கியம் வந்தாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார், பந்தல் போட வந்திருந்தவர்களும் ஏறி வந்தார்கள். லியோ வேலைக்கு வந்து படியேறியபோது மாடியில் ஒரு கூட்டமே நின்றது. அவனைக் கொண்டுவந்து விட்ட சத்யா, உள்ளே கூச்சல் கேட்டு, கேட்டுக்கு வெளியே வண்டியை அணைத்துவிட்டு நின்றாள்.

"வா, துரை. தின்னர எங்க சிந்துன? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"நான் எங்க சிந்துனேன்? தின்னரு டப்பா பால்கனியிலதான் இருக்குது. உள்ளாற கொண்டாந்ததே கெடையாது."

"பின்ன கற ஆகாசத்துலேர்ந்து எறங்குச்சா? அன்னிக்கே சொன்னேன்ல? காரணமானவன் படி ஏறக் கூடாதுன்னு. தனபாக்கியம், நீ சாட்சி. எறங்குடா கீழ."

லியோவின் முகம் சிவந்தது. பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் செங்கமலம் தூணுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அங்கே கறை சுவரோடு ஓடி வந்து, தூணைச் சுற்றி ஒரு சதுரத்தை மட்டும் விட்டுவிட்டு மறுபடி ஓடியது. சதுரம் கோணல். அந்தக் கோணலுக்கும் தூணுக்கும் இடையில் மட்டும் தேக்கு பளபளவென்று மின்னியது.

அவள் கீழே கிடந்த பெல்ட்டை இழுத்து அதன் மேல் வைத்தாள். வெட்டிய இடம் கறையின் மேல் அச்சு மாறாமல் உட்கார்ந்தது.

"தின்னரு கோணக்கத்தி வச்சி வெட்டிக்கினு ஓடுமாங்க?" என்று கேட்டாள்.

பந்தல்காரர் ஒருவர் மூக்கால் சிரித்துவிட்டு வெளியே பார்த்தார். வேணு, பெங்களூர்க்காரனுக்குத் தெரியும், அவன் சொல்லட்டும் என்று போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். விதி யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை, சிலர் தாமாகவே போய் விழுகிறார்கள்.

"டேய், தரயில கறுப்பா கற. பெயிண்டு தின்னராலதான, சொல்லு?"

"தின்னர்னா வெளுத்துப் போகும்ப்பா. கறுப்பு எப்பிடி வரும்? மேல என்ன போட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. பெல்ட்டு."

"ரப்பரா? ஐயோ அப்பா! ரப்பர் மேட்டுகூடப் போடக் கூடாதுன்னு பாண்டிச்சேரி ஆளு எனக்கு எத்தன தடவ சொன்னான்? உங்களையும் கூப்புட்டுச் சொல்றேன்னானே?"

பாண்டிச்சேரி ஆள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்தான். அவர் போனில் பேசும்போது, நேற்றுப் பிறந்தவன் எனக்குப் புத்தி சொல்கிறான் என்று வேணு போனைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அது இப்போது அவருக்கு நன்றாக நினைவு வந்தது. கூட்டம் ஒவ்வொருவராக இறங்கியது. தனபாக்கியம் போகும்போது, "நான் சாட்சின்னீங்களே அண்ணே, அது இன்னும் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் மாடியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் கோபத்தில் கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். அவள் கத்தவில்லை.

"நீங்க சொன்ன சொல்லுதான். நான் ஒண்ணும் கூட்டல, கொறைக்கல. கறைக்குக் காரணமானவன் படி ஏறக் கூடாது. நாளைக்கு சத்யா வரா, மாப்ளயும் வராரு. நீங்க கீழ ஒக்காந்து வரவங்கள வாங்கன்னு கேளுங்க."

அவள் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து உள்ளே வருவதை வேணு ஜன்னலிலிருந்து பார்த்தார். எத்தனையோ முறை அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி அது. அதில் கேட்டைத் திறப்பது எப்போதும் அவராகத்தான் இருந்தார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. ஐயர் மேலே போனார், காலையில் வந்து இறங்கிய அருண்குமார் போனான், சொந்தபந்தம் போயிற்று, சுரங்கத்து நண்பர்கள் போனார்கள். வேணு கீழே ஹாலில் பட்டு வேட்டியில் உட்கார்ந்து, "வாங்க, மேல போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீ வரலியா?" என்று கேட்டவர்களிடம், "முட்டி வலி" என்றார். யாராவது வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய்விடலாம் என்று எதிர்பார்த்திருந்தார். ஒருவரும் இழுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இளக்காரமாகப் பேசாத ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

மேலிருந்து குரல்கள் இறங்கி வந்தன. புதிதாக ஏறுகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "இது இன்னா, சுத்தி கறுப்பா?" என்றுதான். ஒவ்வொருவருக்கும் லியோ சலிக்காமல், ராகம் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க மாமா போட்ட பெல்ட்டுங்க. நான் பேப்பர் போடறேன்னேன். மாமாதான் கேக்கல." கேட்டவர்கள் சிரித்தார்கள். மாமா. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை வேணு கேட்பது அதுதான் முதல் தடவை. ஏறிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பார். படிதான் அவருடையதாக இல்லை.

சத்யா ஒரு டம்ளரில் பால் கொண்டு வந்தாள். அவளே காய்ச்சிய பால். அவர் முன்னால் முக்காலியில் வைத்தாள். பக்கத்தில் பார்த்தபோது அவள் இன்னும் இளைத்திருப்பதாகத் தோன்றியது. என்ன கேட்பது என்று தெரியாமல், "கற ரொம்பத் தெரியுதா?" என்று கேட்டார்.

"அது மட்டும்தான்பா தெரியுது. பலகைய ஒருத்தரும் பாக்கல."

டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "மேல வரீங்களா?"

வேணுவுக்கு உடனே எழுந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒரு தடவை கேட்டதுக்கே எழுந்தால் என்ன மதிப்பு என்று அந்தப் பழைய புத்தி உள்ளே இருந்து இழுத்தது. "சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குதுல்ல" என்றார். அவள் இன்னொரு முறை கேட்பாள் என்று காத்திருந்தார்.

"சரி. அப்ப இங்கயே இருங்க" என்றாள் சத்யா. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று மாடியேறிப் போய்விட்டாள்.

வேணு பாலை எடுத்து ஒரு வாய் குடித்தார். சர்க்கரை கூடுதல். இவளுக்குப் பாலுக்குச் சர்க்கரை போடக்கூடத் தெரியவில்லை என்று சொல்ல நிமிர்ந்தார். கேட்பதற்குக் கீழே யாரும் இல்லை. எல்லோரும் மாடியில் இருந்தார்கள். மிச்சப் பாலையும் அவர் குடித்து முடித்தார்.